ஒன்பதாம் வழிக்கல்

இதை வாசிப்பவர்கள் என்னை நம்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. என் மனைவியே நம்பவில்லை. எனினும் இங்கு நான் எழுதும் நேரங்கள் யாவும் என் கைக்கடிகாரத்தைப் பார்த்து அவ்வப்போது குறிக்கப்பட்டவை. அந்தக் குறிப்பேடு இன்றும் என்னிடம் உள்ளது. 6.14 என்ற எண்ணுக்குப் பிறகு அதில் என் கையெழுத்து மாறுகிறது. அதைத் தவிர வேறு பிழை எதுவும் அதில் இல்லை.

பேய் இரவில்தான் வரும் என்று எண்ணுபவர்கள் கொடுத்து வைத்தவர்கள். இது காலையில் நடந்தது. வெளிச்சம் வந்துகொண்டிருந்தபோது நடந்தது.

நான் கடலோர நடைபாதை ஒன்றின் அலுவலகத்தில் பணியாற்றினேன். பாதையின் நீளம் பதினொரு கிலோமீட்டர். கலங்கரை விளக்கத்தில் தொடங்கி, பாறைகளின் மேலாக ஏறி இறங்கி, பழைய உப்பளத்தின் கடற்சுவரில் முடியும். விடுமுறை நாள்களில் குடும்பம் குடும்பமாக மக்கள் நடப்பார்கள். அவர்கள் நின்று வாசிப்பதற்காக வழியெங்கும் தகவல் பலகைகள் உண்டு. அவற்றில் உள்ள அனைத்தையும் எழுதியவன் நானே. மாதத்திற்கு ஒரு முறை, கடல் மிகவும் உள்வாங்கும் காலையில், கடற்சுவரில் நின்று பறவைகளைக் கணக்கெடுப்பதும் என் கடமையாக இருந்தது.

கணக்கெடுப்புக்கு இருவர் வேண்டும். ஒருவர் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் எண்ணிச் சொல்வார். மற்றவர் எழுதுவார். எண்ணிச் சொன்னவன் என் மனைவியின் தம்பி. ஆறடிக்கும் மேல் உயரம். அலுவலகத்தில் எல்லாரும் அவனை நெட்டை என்றே அழைத்தார்கள். அவனுக்கு மூன்று வயதாக இருக்கும்போது தாய் இறந்துவிட்டார். அன்றிலிருந்து அவனைக் குளிப்பாட்டி, சோறூட்டி, பள்ளிக்கு அனுப்பி வளர்த்தவள் என் மனைவி. எங்களுக்குக் குழந்தை இல்லை. அவள் அதைக் குறையாகச் சொன்னதும் இல்லை. "எனக்குத்தான் ஒருத்தன் இருக்கானே, அதுவும் ஆறடிக்கு" என்பாள்.

அன்று காலை 4.50 மணிக்கு நாங்கள் வீட்டைவிட்டுப் புறப்பட்டோம். அவள் கதவருகே நின்றாள்.

"அவனைத் தண்ணியில இறக்காதீங்க. சளி இன்னும் விடல."

"உன் தம்பி என்ன சர்க்கரைக் கட்டியா, கரைஞ்சு போக?" என்றேன்.

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அந்தக் கடற்சுவரின் வரலாற்றை இங்கே சுருக்கமாகச் சொல்வது அவசியம். சுவருக்கு எதிரே, சேற்றுவெளிக்கு அப்பால், ஒரு மணல் தீவு இருக்கிறது. ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் உப்பளத் தொழிலாளர்கள் அத்தீவில் குடியிருந்தார்கள். கடல் வற்றும் நேரத்தில் சேற்றின் குறுக்கே நடந்து வேலைக்கு வருவார்கள். வழி தவறாமல் இருக்க இடுப்பளவு உயரத்தில் பத்தொன்பது கற்கள் நடப்பட்டிருந்தன. மூடுபனி நாள்களில் கற்கள் தெரியாது. ஆகவே, சுவரின் மேல் ஒருவர் நின்று இரும்புத் தகடு ஒன்றை நிமிடத்திற்கு ஒரு முறை தட்டுவார். அந்த ஓசையை நோக்கி நடந்தால் கரை சேரலாம். ஒரு நாள் முப்பத்தொரு பேர் புறப்பட்டார்கள். ஒருவரும் கரை சேரவில்லை. இறந்தவர்களின் உறவினர்கள் தட்டுபவரை அதே சுவரிலிருந்து கல்லைக் கட்டிக் கடலில் தள்ளினார்கள்.

"தட்டுபவர் உறங்கிவிட்டதே இவ்விபத்துக்குக் காரணமாகும்." பலகையில் நான் எழுதிய கடைசி வாக்கியம் இது. அவர் உறங்கினார் என்று எந்த ஆவணத்திலும் இல்லை. இறுதிவரை தட்டினேன் என்று அவர் கதறியதாகவே பழைய கோப்பில் இருந்தது. ஆனால் காரணம் இல்லாமல் ஒரு பத்தி முடிவது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் அப்படி எழுதினேன்.

தகடு இப்போது இல்லை. அதற்குப் பதிலாக எங்களுக்கு விசில் உண்டு. யாராவது சேற்றில் இறங்கினால், சுவரில் நிற்பவர் நிமிடத்திற்கு ஒரு நீண்ட விசில் ஊத வேண்டும். இறங்கியவர் பதிலுக்கு இரண்டு குறுகிய விசில் ஊத வேண்டும். சுவரிலிருந்து பார்த்தால் பத்தாம் கல் கண்ணுக்குத் தெரியாத நாளில் எவரும் இறங்கக் கூடாது. இவ்விதியை எழுதியவனும் நானே.

5.26க்குச் சுவரை அடைந்தோம். காற்று இல்லை. கடல் வெகுதூரம் பின்வாங்கியிருந்தது. மெல்லிய பனி சேற்றின் மேல் கிடந்தது. நெட்டை ஒலிப்பதிவுக் கருவியை இயக்கி, நீர் புகாத உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். பறவைகளின் குரலையும் அவன் சொல்லும் எண்களையும் பதிவு செய்வது வழக்கம். கைப்பேசியை என்னிடம் கொடுத்தான். பிறகு தொலைநோக்கியில் கண்ணை வைத்தான்.

"உள்ளான் இருநூத்திப் பன்னெண்டு. ஆலா நாப்பது. பூநாரை பதினேழு... மாமா, ஒண்ணு கவனிச்சீங்களா?"

"என்ன?"

"எல்லாம் நம்மளையே பாத்துட்டு நிக்குது. ஸ்கூல் அசெம்பிளி மாதிரி."

நானும் பார்த்தேன். உண்மைதான். சேற்றில் இறங்கிய உள்ளான் ஒரு நொடி சும்மா இராது. ஓடும், குத்தும், மறுபடி ஓடும். அன்று ஒன்றுகூட இரை தேடவில்லை. குரல் கொடுக்கவில்லை. இருநூற்றுக்கும் மேற்பட்ட பறவைகள் கரையைப் பார்த்தபடி அசையாமல் நின்றன.

"காத்து இல்லல்ல, அதான்" என்றேன். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் சொல்லிவிடுவது என் வழக்கம்.

5.44. ஒன்பதாம் கல்லின் அருகே ஒரு மூக்கன் நின்றது. தலையைவிட மும்மடங்கு நீண்ட அலகுடைய பறவை. அதன் காலில் வெள்ளை வளையம் தெரிந்தது. வளையத்தில் உள்ள எழுத்தைப் படித்துவிட்டால் அது எந்தக் கண்டத்திலிருந்து பறந்து வந்தது என்று சொல்லிவிடலாம். ஆறு ஆண்டுகளாக எங்கள் பாதையில் அப்படி ஒரு பறவையும் கிடைத்ததில்லை. என் பெயர் அறிக்கையில் வரும். எனக்கு முழங்கால் வலி. சேற்றில் நடக்க இயலாது.

"நீ போய்ப் படிச்சுட்டு வந்துடு."

அவன் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுத்தான். "பத்தாவது கல்லு தெரியல மாமா."

"ஒன்பதாவது தெரியுதுல்ல?"

"ரூல் நீங்க எழுதினதுதான்."

"நான்தான் எழுதினேன், நான்தான் சொல்றேன். தண்ணி ஏற ஆறு இருபது ஆயிடும். அரை மணி நேரம் இருக்கு."

அவன் பனியைப் பார்த்தான். இறங்கவில்லை.

அப்போது நான் சொன்னேன். சொல்லும்போது அது வெறும் கேலிதான்.

"பயமா இருக்கா மாப்ள? அக்காவைக் கூப்பிடவா?"

அவன் முகம் சிவந்தது. காலணியைக் கழற்றினான். "வீட்டுக்கு வாங்க, அக்காகிட்டயே சொல்றேன்" என்று சிரித்துக்கொண்டே படியில் இறங்கினான்.

5.49.

ஆறாம் கல் வரை அவன் முதுகு தெரிந்தது. ஏழாம் கல்லருகே திரும்பிக் கையசைத்தான். பிறகு பனி மூடியது. மெல்ல மூடவில்லை. கதவைச் சாத்தியதுபோல் மூடியது. முதற்கல்கூட மறைந்தது.

5.54. நான் முதல் விசிலை ஊதினேன்.

பீ...ப்.

பதில் வந்தது. பிப். பிப்.

5.55. பதில் வந்தது. 5.56. பதில் வந்தது. நெருங்கி வருவதுபோலவே இருந்தது. குறிப்பேட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போட்டேன்.

5.58. பிப். பிப். பிப்.

மூன்று.

விளையாடுகிறான் என்று நினைத்தேன். கேலிக்குப் பழி வாங்குகிறான் என்று நினைத்தேன்.

"ஒழுங்கா ஊது!" என்று கத்தினேன்.

என் குரல் பனியில் எங்கும் போகவில்லை. வாயருகிலேயே நின்றுவிட்டது போலிருந்தது.

6.01. விசிலை வாயில் வைத்தேன். இன்னும் ஊதவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் பதில் வந்தது.

6.04. பதில் எனக்குப் பின்னால் வந்தது.

பின்னால் கடல் இல்லை. கைவிடப்பட்ட உப்பளம் மட்டுமே இருந்தது. திரும்பிப் பார்த்தேன். வெள்ளை. வெள்ளையைத் தவிர வேறொன்றும் இல்லை...

6.07. பறவைகள் எழுந்தன.

பார்க்கவில்லை. கேட்டேன். என் தலைக்கு மேலே சிறகுகளின் ஓசை. குரல் இல்லை. ஒரு பறவைகூடக் கத்தவில்லை. வெறும் சிறகுகள். எங்கள் கணக்கில் இருந்தவை முந்நூறுகூட இல்லை. அவ்வளவும் கடந்துபோக அரை நிமிடம் போதும். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஐந்து நிமிடங்கள் கடந்தன. சிறகோசை நிற்கவில்லை.

6.12. நின்றது.

6.13. ஊதினேன். இரண்டு குறுகிய விசில். சரியாக இரண்டு. அவனேதான். வெகு தொலைவில் இருந்தான்.

அவன் நெருங்கவில்லை. விலகிப் போயிருந்தான்.

6.14. ஊதினேன். பதில் இல்லை.

ஊதினேன். இல்லை.

நிமிடத்தை மறந்தேன். விடாமல் ஊதினேன். உதடு வெடித்தது. வாயில் இரத்தம் உப்பாக இருந்தது. மூச்சு வாங்குவதற்குத் தவிர ஒரு முறைகூட நிறுத்தவில்லை. இதை நான் எந்த இடத்திலும் சத்தியம் செய்து சொல்வேன்.

6.17. மூச்சு வாங்க ஒரு நொடி நின்றேன்.

அவன் குரல் கேட்டது. கத்தவில்லை. அருகில் நிற்பவரிடம் பேசும் குரல்.

"சரி மாமா... சரி..."

எனக்குப் புரியவில்லை. நான் எதுவும் சொல்லவில்லையே.

"மாப்ள! யார்கிட்ட பேசுற?"

பதில் இல்லை. ஒரு சிரிப்பு மட்டும். அவன் சிரிப்புதான். இன்னும் தள்ளி.

நான் படியில் இறங்கினேன். முதற்கல். தண்ணீர் கணுக்காலில் இருந்தது. இரண்டாம் கல். முழங்கால். ஆறு இருபதுக்குத்தான் ஏற வேண்டிய கடல், எனக்கு முன்பே ஏறி வந்திருந்தது.

மூன்றாம் கல். தொடை.

கல்லைக் கட்டிக்கொண்டு ஊதினேன்.

கல் ஈரமாக இல்லை. வெதுவெதுப்பாக இருந்தது. சற்று முன்வரை யாரோ அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றதுபோல்...

நான் கையை எடுத்தேன்.

திரும்பினேன்.

ஆம். திரும்பினேன். அவன் அங்கே இருக்க, நான் கரைக்கு ஓடினேன். இதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

6.50. பனி விலகியது. ஒரே இழுப்பில் துணியை உருவியதுபோல் விலகியது. வெயில் அடித்தது. சேறு இல்லை. கற்கள் இல்லை. சுவர்வரை நீலத் தண்ணீர், மிக அழகாக, அலைகூட இல்லாமல் கிடந்தது.

6.52. என் சட்டைப்பையில் கைப்பேசி ஒலித்தது. என்னுடையது அன்று. அவனுடையது.

திரையில் "அக்கா" என்று இருந்தது.

எடுத்தேன்.

"டேய், சளி மாத்திரையை மேசை மேலயே வெச்சுட்டுப் போயிட்ட. ஆபீசுக்குக் கொண்டு வந்து தரவா?"

கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு தண்ணீரைப் பார்த்தேன்.

"டேய்?... என்னங்க, நீங்களா? அவன் எங்க?"

மூன்றாம் நாள் அவன் கிடைத்தான். தீவின் மறுபக்கத்தில், ஆழ்கடலைப் பார்த்த கரையில் கிடந்தான். கண்டெடுத்த படகுக்காரர் என்னிடம் தனியாகச் சொன்னார். "நாப்பது வருசமா எடுக்கறேன் சார். முங்கினவன் கை மேல தூக்கியிருக்கும், இல்ல மடங்கியிருக்கும். இவன் வலது கை நேரா முன்னாடி நீட்டியிருக்கு. யாரோ புடிச்சுக் கூட்டிட்டுப் போன மாதிரி."

ஒலிப்பதிவுக் கருவி அவன் கழுத்திலேயே இருந்தது. உறைக்குள் ஒரு துளி நீர் புகவில்லை.

விசாரணை அதிகாரி அதைத் தம் அறையில் ஒலிக்கவிட்டார். என் மனைவி வர வேண்டாம் என்று நான் கெஞ்சினேன். அவள் வந்தாள். எனக்கு எதிரே இருந்த நாற்காலியில் அமர்ந்தாள். பதிவின் ஒவ்வொரு நொடிக்கும் நேரம் பொறிக்கப்பட்டிருந்தது. என் குறிப்பேட்டை மேசைமேல் விரித்து வைத்திருந்தார்கள்.

முதலில் அவன் எண்ணுவது கேட்டது. உள்ளான் இருநூத்திப் பன்னெண்டு. அசெம்பிளி. பத்தாவது கல்லு தெரியல மாமா. பிறகு என் குரல், தெளிவாக.

"பயமா இருக்கா மாப்ள? அக்காவைக் கூப்பிடவா?"

மனைவி என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் அதை அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

பிறகு சேற்றில் நடக்கும் ஓசை. 5.54க்கு என் விசில். அவன் பதில். நிமிடத்திற்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் அவன் இரண்டே முறைதான் ஊதியிருக்கிறான். மூன்று இல்லை. என் பின்னாலிருந்து வந்தது இல்லை. சிறகோசையும் இல்லை. 6.13க்கு என் விசில் கேட்டது. அதுவே கடைசி. அதற்குப் பிறகு முப்பத்தாறு நிமிடம் நான் உதடு கிழிய ஊதியது எதுவும் அதில் இல்லை.

"ஏன் நிறுத்துனீங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"நான் நிறுத்தவில்லை."

"இதுல இல்லையே."

"கடைசிவரை ஊதினேன், ஐயா. கடைசிவரை..."

சொல்லிக்கொண்டிருந்தபோதே என் குரல் அடங்கியது. இதே சொற்களை நான் பழைய கோப்பு ஒன்றில் வாசித்து ஒதுக்கியிருக்கிறேன்.

அதிகாரி கையை உயர்த்தினார். பதிவு இன்னும் முடியவில்லை.

6.16. கருவிக்கு மிக அருகில், ஒரு முழத் தொலைவில், ஒரு குரல்.

"இங்கதான் மாப்ள. நேரா வா."

என் குரல்.

என் குரலைப் போன்றது அன்று. என் குரல். அதிகாரி என்னைப் பார்த்தார். நான் என் மனைவியைப் பார்த்தேன்.

"விசில் ஏன் மாமா நிறுத்திட்டீங்க?"

"நான்தான் பக்கத்துல வந்துட்டேனே. இனி எதுக்கு விசில்?"

"சரி மாமா... சரி..."

நடக்கும் ஓசை. தண்ணீர் தளும்பும் ஓசை.

"முட்டி வரைக்கும் வந்துருச்சு மாமா. இது கரைப் பக்கம்தானா?"

"பயமா இருக்கா மாப்ள? அக்காவைக் கூப்பிடவா?"

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். சுவரில் நின்று கேட்டேன்.

"இடுப்புக்கு வந்துருச்சு."

"இன்னும் கொஞ்சம்தான். கையைக் குடு."

6.31. தண்ணீரின் ஓசை. பிறகு அவன் குரல். அதில் பயம் இல்லை. அக்கறை மட்டுமே இருந்தது.

"மாமா... உங்க கை ஏன் இவ்ளோ சில்லுன்னு இருக்கு?"

அதற்குப் பிறகு தண்ணீர் மட்டும்.

நான் சுவரில் இருந்ததற்குச் சாட்சி இல்லை. சேற்றில் இருந்ததற்கும் சாட்சி இல்லை. முழங்கால் நோயுள்ளவன் அவ்வளவு தூரம் போய்த் திரும்ப இயலாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். வழக்கு கைவிடப்பட்டது. நான் வேலையை விட்டேன். பலகையில் இருந்த அந்த வாக்கியத்தை அழிக்கும்படி மூன்று கடிதங்கள் எழுதினேன். பதில் வரவில்லை.

என் மனைவி என்னைவிட்டுப் போகவில்லை. போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சமைக்கிறாள். துவைக்கிறாள். அந்தக் குரலைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. தட்டை மேசைமேல் வைத்துவிட்டு, நான் கை நீட்டும் முன் நகர்ந்துவிடுவாள். சாவியானாலும் கடிதமானாலும் கீழே வைப்பாள். நான் எடுத்துக்கொள்வேன்.

சென்ற மாதம், மழை பெய்த ஒரு மாலை, 5.40க்கு, மாடிப்படியின் உச்சியில் அவள் கால் வழுக்கியது. நான் இரண்டு படி கீழே, ஓரமாக நின்றிருந்தேன். கையை நீட்டினேன். எட்டும் தூரம்தான். அவள் கை என் கையை நோக்கிப் பாதி தூரம் வந்தது.

பிறகு என் விரல்களைப் பார்த்தாள்.

கையை இழுத்துக்கொண்டு, பதினான்கு படிகளிலும் உருண்டு விழுந்தாள்.